இன்னொரு பஸ் கண்ணாடி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கிற வேலையை நேற்று வந்த உன் கடிதம் மிச்சமாக்கிவிட்டது, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், மனசு சரியில்லாதவர்கள் அவ்வளவு எழுதமாட்டார்கள். போனில் பேசினால் உன் காது மெஷினில் என் குரல் பாதி விழும் பாதி விழாது, கட்டை விரலால் தட்டித் தட்டிச் செய்தி அனுப்புவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, அதனால் கடிதம்தான். டிப்போவில் என் வண்டியைக் கழுவுகிறார்கள், நான் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

ஹாஸ்டலுக்கு வாங்கிய சாமான்களில் எது உருப்படி எது தண்டம் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மா சத்தமாகப் படித்தாள், படிக்கும்போதே ஒவ்வொரு தண்டத்துக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்க வாங்கிய பெட்டி உள்ளே போகாமல் இப்போது வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூல் ஆகிவிட்டதாம், இஸ்திரிப் பெட்டியை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டாராம். போகட்டும், கொடியும் கிளிப்பும் உதவுகிறதல்லவா, பிளக் பாயின்ட் எட்டாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பலகையில்தான் இப்போது அறையே ஓடுகிறதல்லவா. அதை மட்டும் அம்மா வாய்க்குள்ளேயே படித்தாள். தலையணைக்கு அடியில் அதிர்ந்து எழுப்புகிற கடிகாரத்தைப் பார்த்து உன் அறைத் தோழி நெட்டை முதல் நாள் எலி என்று கட்டில்மேல் ஏறி நின்றதைப் படித்துவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் தூக்கம் கெடக் கூடாதென்றுதான் சத்தமில்லாத அலாரம் வைத்திருப்பதாக அவளிடம் சொல்லிச் சமாளித்தாயாமே, அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அறைக்குள் நுழைந்ததுமே என் கண் மேசையில்தான் விழுந்தது. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், கதவு முதுகுக்குப் பின்னால், மேசையைத் திருப்பலாம் என்றால் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் நான் ஒரு தெரு தாண்டமாட்டேன். நம் வீட்டில் என்றால் உன் அறைக்குள் வருமுன் லைட்டை ஒரு தரம் அணைத்துப் போடுவோம், நீ திரும்பிப் பார்ப்பாய், அங்கே யார் அதைச் செய்வார்கள். அதனால்தான் அப்போதே ஸ்பேர் பார்ட்ஸ் கடை தேடிப் போனேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார், வண்டிக்கில்லை, என் பொண்ணு ரூமுக்கு என்றேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பின்னால் வருவதைக் காட்டுகிற உருண்டைக் கண்ணாடியை, மாட்டுகிற கிளாம்போடு எடுத்துக் கொடுத்தார். அதை உன் புத்தக அலமாரியில் நான் முடுக்கும்போது நீ எப்படிக் கோபப்பட்டாய். பஸ் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்தா எல்லாரும் என்னன்னு கேப்பாங்கப்பா, கேட்டா நான் என்ன சொல்றது என்று முடியை அவிழ்த்துக் காதை மூடிக்கொண்டாய். கேட் வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை.

அப்புறம் வந்த கடிதங்களெல்லாம் நாலு வரி. கடைசியில் ஒன்று, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாததால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள், வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று. அம்மா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பக்கத்திலேயே ஒரு காலேஜ் பார்ப்போம், பிள்ளையக் கூட்டிட்டு வந்துடுங்க என்றாள், நானும் உன்னைக் கூட்டிவர லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் நேற்று உன் கடிதம் வருகிறது. கண்ணாடி எதுக்கு என்று நெட்டை கேட்டாளாம், அலங்காரம் பண்ண என்று சொல்லலாமென்று வாயெடுத்தாயாம், ஆனால் அதில் பார்த்தால் எவருக்கும் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி தெரிகிறது, யார் நம்புவார்கள், வேறு வழியில்லாமல் முடியை ஒதுக்கி மெஷினைக் காட்டிவிட்டாயாம். அவள் விருட்டென்று வெளியே போனாளாம். நீ அழப் பார்த்தாயாம். அதற்குள் அடுத்த அறைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, இவளுக்குத் திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல, முன்னால வந்து நின்னு பேசுங்கடி என்றாளாம். நீ சொல்லிக் கொடுத்த பிறகு அவள் லைட்டை அணைத்துப் போடாமல் உள்ளே வருவதில்லையாம். பாப்பா, நான் அந்தக் கண்ணாடியை வாங்கியது நீ கதவைப் பார்க்க மட்டும்தான், இதையெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்றும் தெரியவில்லை. இன்று காலை டிப்போவுக்கு வந்ததும் லீவு லெட்டரைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

கடைசி வரியில் நெட்டைக்கும் அதே மாதிரி ஒரு கண்ணாடி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதுக்குத்தான் நல்லா காது கேக்குமே, அதுக்கு எதுக்காம் என்றாள் அம்மா. நானும் யோசித்தேன். ஒரு மேசையில் மட்டும் இருந்தால் வருகிறவர்களெல்லாம் எதுக்கு என்று உன்னைக் கேட்பார்கள், ரெண்டு மேசையிலும் இருந்தால் அந்த அறை அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். இதைச் சொன்னதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு பேருக்கும் ஒரே நிறத்துல விரிப்பு தச்சு வைக்கிறேன் என்றாள். இந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம், அங்கே உனக்கு ஒன்று வாங்கிய கதையைச் சொல்லி அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று கேட்டேன், ஒண்ணுதான் ஏற்கனவே வாங்கிட்டீங்களே, இன்னொண்ணு எதுக்கு என்றார். ஒரு பக்கக் கண்ணாடியோட எந்த வண்டிங்க ஓடும் என்றேன்.

பார்சல் சனிக்கிழமை வந்துவிடும். மெஷினை ஈரத் தலையோடு மாட்டாதே, கிளாம்பின் திருகு தளர்ந்திருந்தால் ஒரு முடுக்கு முடுக்கிக்கொள், உன் கண்ணாடியைத் துடைக்கும்போது அவளுடையதையும் சேர்த்துத் துடை. நீங்கள் இருவரும் குறையில்லாமல் படித்து நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையும் நெட்டையையும் நினைத்தபடி வண்டியை எடுக்கிற,
அப்பா