கணினி இரைச்சலுக்குள் மகளைத் தேடியவனுக்கு

மச்சான்,

நேற்றுக் காலை புதிதாக வாங்கிய மடிக்கணினியின் சார்ஜரைச் சமையலறைச் சுவரில் செருகினேன். பக்கத்தில் செய்தி சொல்லிக்கொண்டிருந்த வானொலி உடனே கிர்ரென்று இரையத் தொடங்கியது. வேறொருவன் என்றால் சார்ஜரைக் கழற்றி வேறு அறையில் செருகியிருப்பான். நான் கழற்றாமல் நின்று கேட்டேன். அந்த இரைச்சலை உன் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டவன் நான். நீ செத்து ஒரு வருடமாகப் போகிறது, உன்மேல் எனக்குள்ள அருவருப்பு இன்னும் ஆறவில்லை. செத்த மனிதனைப் பற்றி இப்படியும் எழுதுவார்களா என்று என் மனைவி கேட்கிறாள். நான் எழுதுவேன். நீ உயிரோடிருந்தபோதும் இதையேதான் உன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அந்த வானொலி ஸ்கேனரை வாங்கிய அன்று என்னைச் சூரிச்சில், ஓர்லிகோனிலிருந்த உன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினாய். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. விமானிகளும் விமான நிலையக் கோபுரமும் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம், நாம் திருப்பிப் பேச முடியாது. "பொழுது போகுதில்லையடா, அதுதான்" என்றாய். நானும் நம்பியவன்போலத் தலையாட்டினேன். உன் மகள் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து சூரிச்சுக்கு வந்துபோகிறாள் என்ற கதை, அதற்குச் சற்று முன்புதான் எங்கள் தமிழ்க் கடைகளில் அடிபட்டிருந்தது.

நீயும் நானும் எத்தனை வருடம் விமானங்களின் வயிற்றைக் கழுவினோம்! பயணிகள் இறங்க நாங்கள் ஏறுவோம். இருக்கைப் பைகளில் பாதி தின்ற சாப்பாடு, குழந்தைகளின் பம்பர்ஸ், கம்பளத்தில் யாரோ வாந்தியெடுத்த சத்தி. கையுறையைக் கழற்றிய பிறகும் மணம் போகாது. "பிளேனெண்டாலே எனக்குச் சத்தி மணம்தான் மச்சான்" என்பாய். அதனால்தான் உன் மகள் மருத்துவப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப்போவதாகச் சொன்னபோது உனக்குத் தலைகால் தெரியாத ஆத்திரம் வந்தது. உன் மனைவி அப்போது உயிரோடில்லை. சமாதானம் சொல்ல நான் ஒருவன்தான் அந்த மேசையில் இருந்தேன்.

"நான் சத்தி அள்ளின சாமானிலையோ நீ ஏறி இருக்கப்போறாய்? உந்தப் பைலட் உடுப்போட என்ர வாசலுக்கு வராதை!"

அவள் ஒரு பெட்டியோடு இறங்கிப் போனாள். அதன்பிறகு நீ அவளுக்குப் போன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஸ்கேனர் வாங்கினாய்.

அதிலும் உனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. அவளுடைய நிறுவனத்தின் விமானம் எப்போது நெருங்குகிறது என்று பார்க்கக் கணினி வேண்டும், வரைபடத்தில் சின்னச் சின்ன விமானங்கள் ஊர்ந்து வரும். கணினியைப் போட்டாலோ ஸ்கேனருக்குள் இரைச்சல் புகுந்து, குரல்களை விழுங்கிவிடும். கணினியை நிப்பாட்டினால் ஓரளவு கேட்கும், ஆனால் எந்த விமானம் வருகிறதென்று தெரியாது. நீ பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

முதலில் ஸ்கேனரைச் சுவர் மின்சாரத்திலிருந்து எடுத்து பற்றரியில் போட்டாய். பிறகு கணினித் திரையின் கம்பியை மாற்றினாய். கம்பியைச் சுற்றிக் கவ்வும் கறுப்பு ஃபெரைட் வளையங்களை ஒரு பை நிறைய வாங்கிவந்து, உன் வீட்டில் வால் உள்ள எல்லாவற்றிலும் மாட்டினாய். அன்டெனாவைப் பல்கனியில், உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்டில் கட்டினாய். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் வந்து அன்டெனா கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதும், அதற்கு மேல் நீ உடுத்தும் சாரமொன்றை விரித்துவிட்டாய். பனி கொட்டுகிற நாட்டில், பல்கனியில் மாதக்கணக்காகக் காயாத ஒரு சாரம்! ஒவ்வொரு வளையத்துக்கும் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

"உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். "அவளின்ர குரலைக் கேக்க வேணுமெண்டால் போனை எடன்."

"ஆர் அவளின்ர குரலைக் கேக்கிறது? நான் பிளேன் கேக்கிறன்."

சீ! அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்திருந்தோம். அன்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிப்பாட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தாய். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, வைஃபை, மணிக்கூடு எல்லாவற்றையும் பிடுங்கினோம். கடைசியில் கணினியையும் பிடுங்கினாய். இரைச்சல் அப்படியே இருந்தது. "எல்லாம் நிப்பாட்டியாச்சு. கீழ்வீட்டுக்காரன்தான் ஏதோ வைச்சிருக்கிறான்" என்றாய். நானும் ஓம் போட்டேன். கீழே போய்ச் சண்டை பிடிக்கக் காலில் சப்பாத்தையும் மாட்டிவிட்டாய்.

அப்போதுதான் என் மனைவி சுவரிலிருந்த சாமித் தட்டைக் காட்டிக் கேட்டாள்: "அப்ப உது என்ன? மின்சாரம் இல்லாமலோ எரியுது?"

முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தது அந்த மின்விளக்கு மாலை. உன் மனைவி வாங்கி மாட்டிய நாளிலிருந்து ஒருநாளும் அணையாதது. அதற்கு முன்னால் நின்றுகொண்டுதான் இரண்டு பேரும் எல்லாம் நிப்பாட்டியாச்சு என்றோம். சாமி விளக்கை யார் மின்சாரச் சாமான் கணக்கில் சேர்க்கிறார்கள்? கணினியின் இரைச்சல் வளையங்களோடு எப்போதோ அடங்கியிருந்தது. மிச்சமெல்லாம் முருகனுடைய மலிவு அடாப்டரின் இரைச்சல்.

நீ சப்பாத்தைக் கழற்றினாய். தட்டுக்கு முன்னால் போனாய். "முருகா, குறை நினையாதை, கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லி அதைப் பிடுங்கினாய். ஸ்கேனர் சுத்தமாகியது. கணினியைத் திரும்பப் போட்டோம், அப்போதும் இரைச்சல் இல்லை. சாமியையே நிப்பாட்டத் துணிந்த உன் கை ஒரு போனை எடுக்கத் துணியவில்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பின்னேரம் அவளுடைய நிறுவனத்தின் விமானம் ஒன்று வரைபடத்தில் ஊர்ந்து வந்தது. ஒரு பெண்குரல் கோபுரத்துக்கு "க்ரூயெட்சி" என்று சுவிஸ் ஜெர்மனில் வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் ஏதோ இலக்கங்களைச் சொன்னது. எனக்கு யாரோ போலத்தான் இருந்தது. நீ எழும்பி நின்றுவிட்டாய்.

"அவள்தான். அவளுக்குத் தடிமன் பிடிச்சிருக்கு, மூக்கு அடைச்சிருக்கு."

குரல் திரும்பவும் வந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்து, "ஓம் பிள்ளை, சொல்லு" என்றாய். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் உன் போனை எடுத்து உன் கையில் திணித்தேன்.

"உது கேக்கிற பெட்டியடா, கதைக்கிற பெட்டியில்லை. இந்தா. இறங்கினவுடனை அவள் தன்ர போனை ஓன் பண்ணுவாள். எடுத்துக் கதை."

"அவளாய் எடுக்கட்டும். நான் தகப்பன்."

பிறகு நீ என்ன செய்தாய் தெரியுமா? அடுப்பில் மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்தாய். அவளுக்குத் தடிமன் என்று மல்லித்தண்ணி அவித்து, ஒரு குவளையில் ஊற்றி, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் நீயே குடித்தாய். எத்தனையோ பேருடைய சத்தியை அள்ளியவன் நான். அன்று உன் குசினியில் வந்த குமட்டல் எனக்கு எங்கும் வந்ததில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி விளக்கை அணைத்துவிட்டு இருந்து கேட்பாய் என்று அறிந்தேன். வெயில் காலம் வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

மரண அறிவித்தலில் உன் சொந்தக்காரர்கள் என்ன போட்டார்கள் தெரியுமா? அன்னார் விமானி இன்னாரின் பாசமிகு தந்தை என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். பிளேன் ஓட்டுகிற பெட்டையை யார் கட்டுவான் என்று சிரித்த அதே வாய்கள், சுடலை மண்டபத்தில் அவளோடு நின்று படம் எடுத்தன. துப்பவேண்டும்போல இருந்தது. சபை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அவள் சாதாரணக் கறுப்பு உடுப்பில் வந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "மாமா, அப்பா என்னைப் பற்றி எப்பவாவது கதைச்சவரோ?" என்று கேட்டாள். நான் ஸ்கேனரைச் சொன்னேன், வளையங்களைச் சொன்னேன், முருகனைச் சொன்னேன், மல்லித்தண்ணியையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"என்ர நம்பர் மாறேல்லை மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் போனை வாங்கி, அந்த நம்பரைத் தானே பதிந்து தந்தாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பர்தான். இடைக்கிடை அவளுக்குப் போன் எடுத்து, சாப்பிட்டியோ, குளிருக்கு ஏதும் போட்டிருக்கிறியோ என்று கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. பறக்காத நேரமென்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். நீ கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருப்பாள், மச்சான்.