மோட்டார் ஓடிய மணிநேரங்கள்

அக்கா,

இன்று காலை ஒரு மீட்டரை மேசைமேல் வைத்து அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து மண்வாசம் வந்தது. ஓரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. வயர்களின் மேல் நிலக்கடலைத் தோலின் தூசு படிந்திருந்தது. நம் மோட்டார் கொட்டகையில் இருந்த மீட்டர்தான். போர்க்கிணற்றில் புது மோட்டார் இறக்கியபோது இதைக் கழற்றி, அரிசிப் பையில் சுற்றி, பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வெகுநேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். நீ போய் வருடம் திரும்பப் போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குக் கடைசிவரை சரியாகப் புரிந்ததில்லை. "எங்கயோ மீட்டரு ஓடும், இவ கம்ப்யூட்டர்ல நம்பரு ஓடும்" என்று ஊரில் சொல்லிக்கொள்வாய். ஏறக்குறைய அவ்வளவுதான். அரிசி ஆலை, ஐஸ் ஃபேக்டரி, செல்போன் டவர் என்று எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிம் கார்டு இருக்கும். கால் மணிக்கு ஒருமுறை அது இன்டர்நெட் வழியாக விழுப்புரத்தில் என் எதிரே இருக்கும் திரைக்குக் கணக்கு அனுப்பும். யார் எப்போது எவ்வளவு கரண்டு இழுக்கிறார்கள் என்று பார்ப்பதும், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் சந்தேகப்படுவதும்தான் என் வேலை. சில வருடம் அதையே செய்தால் கண் அப்படிப் பழகிவிடுகிறது. வீட்டுக்குப் போனபிறகும் அதே கண்தான்.

ஓமந்தூர் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் கொல்லையில் பாதி உனக்கு, பாதி எனக்கு. மாமா இறந்து நீ தனியான பிறகு இரண்டையும் நீயே பயிர் வைத்தாய். ஒவ்வொரு அறுப்புக்கும் என் வீட்டுக்கு மல்லாட்டை மூட்டை வரும்; கடலை வாங்க நான் கடைக்குப் போனதில்லை. நான் கேட்டதில்லை, நீ அனுப்பாமல் இருந்ததும் இல்லை. பிறகு இரண்டு பட்டத்து அறுப்பிலும் சேர்ந்தாற்போல மூட்டை குறைந்தது. "வெளைச்சல் இல்லடி" என்றாய். நம்பினேன். கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் நம் பங்காளி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க அக்கா பக்கத்துக் கொல்லைக்குத் தண்ணி விக்கிறாங்களாமே, உனுக்குத் தெரியுமா?" என்று கேட்கும்வரை நம்பினேன்.

அடுத்த வாரம் உன்னிடம் வந்தேன். கேட்பதற்கு அல்ல. மீட்டரோடு வந்தேன்.

"இன்னாத்துக்குடி இது? நம்ம கொல்லைக்குக் கரண்டு ஃப்ரீதானே?"

"மோட்டாரு எரிஞ்சிடாம பாத்துக்கும்க்கா. வோல்டேஜ் கொறைஞ்சா எனக்கு மெசேஜ் வந்துடும்."

"அப்போ சரி, மாட்டு."

சுவரில் ஒட்டடை அடித்துக்கொடுத்தாய். மாட்ட வந்தவருக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக்கொடுத்தாய். "எங்க பாப்பா வாங்கியாந்தது, வெளிநாட்டு சாமான் மாதிரி இருக்குது பாரு" என்று வரப்பில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். அந்தப் பெருமை என்னை உறுத்தியது. உறுத்தினாலும், மறுநாள் ஆபீசில் உன் மோட்டாருக்கென்று திரையில் ஒரு தனிக் கட்டம் திறந்து வைத்துக்கொண்டேன்.

நாம் பயிர் வைத்திருந்த அளவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத் தண்ணீர் போதும் என்பது என் கணக்கு. உன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடியது. இரண்டு மாதம் கழித்துப் பத்து மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்து, ஒன்றும் தெரியாதவள் போல, "தண்ணி பாய்ச்சினியாக்கா?" என்பேன்.

"கொஞ்ச நேரம் வுட்டேன்டி."

கொஞ்ச நேரம்! எதிரே திரையில் காலையிலிருந்து பச்சைக்கோடு அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும். அன்றிலிருந்து நீ சொன்ன ஒவ்வொன்றையும் அந்தக் கோட்டோடு ஒப்பிட ஆரம்பித்தேன். திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போனேன் என்றால், அந்த நேரத்தில் மோட்டாரை யார் போட்டது என்று பார்ப்பேன். உடம்பு சரியில்லை, படுத்திருந்தேன் என்றால், எழுந்து போய் எத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்று பார்ப்பேன். நீ சிரித்துப் பேசினால் எதையோ மறைக்கச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். பேச்சைச் சீக்கிரம் முடித்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கொல்லை அந்த வருடம் கரும்பச்சையாக இருந்தது வேறு எனக்கு வசதியாகப் போயிற்று.

நான்கு மாதக் கணக்கைத் தாளில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ களை பறித்துக்கொண்டிருந்தாய். "வா வா, ஒரு போன் பண்ணக்கூடாது?" என்று எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாய். நான் தாளை நீட்டினேன்.

"பத்து மணி நேரம் மோட்டாரு ஓடுது. யாருக்கு விக்கிறே?"

நீ தாளை வாங்கி, கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தாய். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி அந்த மீட்டரைப் பார்த்தாய்.

"இத்தினி நாளா என்னைப் பாத்துக்கினு இருந்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கரண்டு ஓடுறது உனுக்குத் தெரியுது. தண்ணி ஓடுறது தெரியுதாடி?"

நழுவுகிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எத்தனை ஆலை முதலாளிகள் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசியதைக் கேட்டவள் நான்! தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி களைக்குக் குனிந்தாய். சாப்பிடச் சொல்லாமல் நீ என்னை அனுப்பியது அந்த ஒருமுறைதான். அதன்பிறகு நாம் பேசியது மூன்றோ நான்கோ தடவை, அதுவும் நல்லது கெட்டதுக்குப் போக வேண்டியதைப் பற்றி மட்டும்.

ஐந்து மாதம் கழித்து மாரடைப்பில் போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுநாள் பயிர் வாடிக்கொண்டிருந்தது. நானே போய் மோட்டாரைப் போட்டேன். குழாயில் காற்று உறுமியது. பிறகு விரல் தடிமனில் தண்ணீர் வந்தது, நின்றது, இருமியது, மறுபடி வந்தது. ஒரு மணி நேரம் வாய்க்கால் ஓரத்திலேயே நின்றேன். தண்ணீர் முதல் பாத்தியைக்கூடத் தாண்டவில்லை.

போரில் பைப் இறக்குகிறவர் துக்கம் கேட்க வந்திருந்தார். அவர்தான் சொன்னார்: "தண்ணி கீழ போய்க்கினே இருந்திச்சிம்மா. பக்கத்துல ஆழமா போர் போட்டாங்க இல்ல, அதுலேர்ந்துதான். ரெண்டு வாட்டி பைப்பு சேத்து எறக்கினோம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. போர் வத்திச்சின்னு தெரிஞ்சா தங்கச்சி கொல்லையை மனை போடக் குடுத்துடும்னாங்க."

ரோட்டை அகலப்படுத்திய சமயத்தில் ஒரு தரகர் கொல்லையை விலைக்குக் கேட்டு எனக்குப் போன் செய்ததை, சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ சிரிக்கவில்லை என்பது பைப் இறக்குகிறவர் எதிரே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. நீயும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய், அக்கா. அது தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நான் விற்றிருப்பேனா? பதில் சொல்ல முயன்றேன். சத்தியமாக விற்றிருக்க மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விழுப்புரம் திரும்பியதும் உன் மோட்டாரின் பழைய கணக்கை எல்லாம் திறந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஓடிய நேரத்தை மட்டும். அதற்குப் பக்கத்திலேயே மோட்டார் எவ்வளவு கரண்டு இழுத்தது என்பதும் இருந்தது. மாதத்துக்கு மாதம் அது இறங்கிக்கொண்டே வந்திருந்தது. மேலே தூக்குவதற்குத் தண்ணீர் இல்லாத மோட்டார் அப்படித்தான் குறைவாக இழுக்கும். வேறு யாருடைய போராக இருந்தாலும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, "தண்ணி இல்லாம ஓடுது, கவனிங்க" என்று நானே போன் செய்திருப்பேன். மீட்டர் எதையும் மறைக்கவில்லை. திருட்டைத் தேடியவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கொல்லையை விற்கவில்லை. போரை ஆழப்படுத்தி, பைப் இறக்குகிறவரிடமே குத்தகைக்கு விட்டிருக்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அவர் சொன்னதே முழு உண்மைதானா, பக்கத்துக் கொல்லைக்காரருக்கு நீ ஒருநாளாவது தண்ணீர் விட்டிருப்பாயா என்று இன்னும் சில சமயம் மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கண் மூடுவதாக இல்லை.

போன வாரம் ஒரு ஐஸ் ஃபேக்டரியின் கணக்கு தாறுமாறாக இருந்தது. மீட்டரில் கை வைத்திருப்பார்கள், ரிப்போர்ட் எழுதிவிடு என்றார் மேனேஜர். எழுதுவதற்கு முன் அந்த முதலாளிக்குப் போன் செய்து, என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவருக்குக் கோபம்.

"இன்னாம்மா, எம்மேல சந்தேகப்படுறியா?"

"ஆமாங்க, சந்தேகம்தான். அதான் உங்களையே கேக்குறேன்."

எதிர்ப்பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு முழுதாகக் கேட்டேன், அக்கா.