பிரட்டுக்களத்தில் கொடுத்த இரத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு, றக்வானையிலிருந்து துஷ்யந்தி. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம், பயப்படாதீர்கள்.

எங்கள் காசநோய் ஆய்வுக்குச் சளி கொடுத்த தோட்டத் தொழிலாளர்கள், அதோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு என்றதும் பின்வாங்கினார்கள். "லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஒதுக்கி வச்சிருவாங்க மிஸ்," என்றார் கொழுந்து பறிக்கும் மல்லிகா. அதனால் போன மாதம் ஒரு காலையில், பிரட்டுக்களத்தில் எல்லோரும் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றபோது, நானே முதலில் இரத்தம் கொடுத்தேன். அன்று மாலை மல்லிகா தனியாக வந்து கை நீட்டினார்.

அதைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் என் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்கிறார்களாமே. காட்டமாட்டேன். நான் காட்டினால், நாளைக்கு மல்லிகாவையும் காட்டச் சொல்வார்கள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

இங்கே குளிர். என் கம்பளியோடு உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டிய பஸ் வந்துவிட்டது. அவர்கள் மறுபடியும் ரிப்போர்ட்டைக் கேட்டால், மாப்பிள்ளை இரத்தம் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள்.

உங்கள் மகள்
துஷ்யந்தி