தேசம்மாவுக்குப் போகாத சர்க்கரை

12 ஆகஸ்ட், செவ்வாய்.

ஏழைகளின் சர்க்கரையை நிறுத்தச் சொன்னேன் என்று குப்பமே பேசுகிறது. அது தவறு. ரேஷனில் சர்க்கரையை அரசு குறைத்து, பதிலுக்குப் பருப்பைக் கூட்ட வேண்டும் என்றுதான் வார்டு கூட்டத்தில் சொன்னேன். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, பிறகு உயிரையும் விட்ட கணவரைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்தக் கருத்து இன்றும் மாறவில்லை.

ஆனால் கூட்டத்தோடு விட்டிருக்கலாம். அவர் போனதிலிருந்து என் கார்டின் சர்க்கரை, வாசலுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மாவுக்குத்தான். சொன்னபடி நடக்க வேண்டுமென்று இந்த மாதம் நான் அதை வாங்கவில்லை. இன்று காலை அவள் கூடையை இறக்கியதும் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் என்றேன்.

சிரித்தாள். "சக்கர இல்லாத டீய குட்ச்சிட்டு எம்புருசன் கடலுக்குப் போவானா? கலர் கலரா பாட்டில்ல சக்கரத் தண்ணி விக்கிறானே, அவன இன்னா கேட்ட நீ?"

"அவனையும் அரசு கேட்க வேண்டும்."

"கவர்மெண்டு நிறுத்துனா ரோட்ல குந்திகினு சண்ட போடுவோம். நீ நிறுத்துனா யாராண்டமா போறது?"

எனக்காக ஒதுக்கி வைத்திருந்த நெத்திலியைத் தராமலே போய்விட்டாள்.

அரசுக்குச் சொன்ன யோசனையை அவள் வீட்டு டீயில் ஏன் அமல்படுத்தினேன்? மாலையில் அவள் வீடு வரை போய், கூப்பிடத் துணியாமல் திரும்பினேன். நாளை அவள் மகளிடம் ஒரு சீட்டுதான் கொடுத்தனுப்ப வேண்டும்:

தேசம்மா, அடுத்த மாதச் சர்க்கரை உனக்குத்தான். வாசலுக்கு வருவாயா என்று உன் மகளை எழுதச் சொல்லி அனுப்பு.