தொப்புளுக்கு லீவு

இல்லை, நடுவில் இல்லை. இடது பக்கம் தள்ளித்தான் துடிக்கிறது.

இன்று காலை எழுவதற்கு முன் பார்த்தேன். மல்லாந்து படுத்து, பெருவிரலை என் தொப்புளில் வைத்து, நீ சொன்னபடி மூச்சை முழுதும் வெளியே விட்டுவிட்டு. விரலில் விளக்கெண்ணெய் வாசம். நேற்று கொழுந்து பறிக்கும் ராமாயியின் வயிற்றை நீவியது. சோப்புப் போட்டும் போகவில்லை. உன் அறையில் எப்போதும் இருந்த வாசம். நீ இறந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உன் மேல் இருக்கும் எரிச்சல் மட்டும் கழியவில்லை.

இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நீ மருத்துவிச்சியாக வந்த வருஷமே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தேன். ஒரே வயது. அடுத்தடுத்த அறை. நடுவில் ஒரு பலகைச் சுவர்.

பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுப்பது உன் வேலை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கண்டியில் பயிற்சிக்குப் போன இடத்தில் யாரிடமோ யோகம் கற்றுக்கொண்டு வந்திருந்தாய். கொடி போனாலும் அந்த இடத்துக்கு வேலை போகவில்லை என்பாய். நாபி. நாடிகளெல்லாம் கூடுகிற இடம். தின்றதைச் செரிக்க வைக்கும் சூடு குடியிருக்கும் இடம். அது விலகினால் சோறு தங்காது, தூக்கம் தங்காது, இடுப்பில் வலி இறங்கும்.

"அது வயிற்றுக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாய். அதுதான் துடிக்குது" என்றேன். எங்கோ படித்தது.

"இருந்துட்டுப் போகட்டும் புள்ள. எங்க துடிக்குதுன்னு மட்டும் பாரு."

பார்த்தேன். பெண்கள் உன் பாயில் மல்லாந்து படுப்பார்கள். இரண்டு காலையும் சேர்த்து நீட்டச் சொல்வாய். கால் பெருவிரல்கள் சமமாக நிற்காது. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தின் பாரத்தை முதுகில் விட்டு, செங்குத்து மலையில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி நாளெல்லாம் நிற்கிறவர்கள்.

"காலையில வெறும் வயித்தோட வரணும்" என்பாய்.

"வெறும் வயித்துக்கா எங்களுக்குக் கொறச்சல், மருத்துவிச்சியம்மா?" என்றாள் ராமாயி. சொல்லிவிட்டு அவளே வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"சிரிக்காதடி! இப்பத்தான் எடத்துல கொண்டாந்து வச்சேன். மறுபடி ஓடிரும்."

அவள் கால்களைச் சேர்த்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, இறக்கி, நீவி, எழுவதற்கு முன் ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைப்பாய். கடைசியில் ஒன்று சொல்வாய்: "மூணு நாளைக்குப் பாரம் தூக்கப்படாது."

எல்லாம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த மூன்று நாளைத் தோட்டத்து மருந்துக்காரர்தான் தர வேண்டும், எல்லாருக்கும் அவர் டொக்டரய்யா. அவர் சொன்னால்தான் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கண்டாக்கையா விடுவார். ராமாயியைக் கூட்டிக்கொண்டு நீ போனாய். நானும் வந்தேன்.

"என்ன சொகமில்ல?"

"தொப்புள் சரிஞ்சிருக்குங்க" என்றாய்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற கண்டாக்கையாவைப் பார்த்துச் சொன்னார். "கேட்டீங்களா? தொப்புளுக்கு லீவு வேணுமாம். நாளைக்கு மூக்குக்குக் கேப்பாங்க."

மறுநாள் ராமாயி கூடையை எடுத்தாள். ஒரு கிழமைக்குள் மறுபடி உன் பாயில் கிடந்தாள்.

அன்று பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "வயித்துப்போக்குன்னு சொல்லேன்! காய்ச்சல்னாலும் வாயில குழாய வச்சுப் பாப்பாரு. இத யாரு பாக்கப் போறா? கேட்டது கெடைக்கும்."

"வயித்துப்போக்கு இல்லையே."

"அவளுக்கு வேணுங்கிறது ரெஸ்ட்டா, ஒன் உண்மையா?"

"கூடை இழுத்துத்தான் இது சரியுது. அத மறைச்சிட்டா கூடைய யாரு பாப்பா?"

"இப்ப மட்டும் யாரு பாத்தாங்களாம்?"

பலகைக்கு அந்தப் பக்கம் நீ பாயை உதறுகிற சத்தம் மட்டும்.

பிறகு உனக்கே காய்ச்சல். கொழுந்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுகளில் உன் தலையை என் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். "ராமாயி கால் வெரலப் பாத்தியா?" என்று கேட்டாய். சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கோபம் வந்தது. வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாய். உன்னோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது.

நீ போன பிறகு பெண்கள் என் அறைக் கதவைத் தட்டினார்கள். பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. நீவிவிட்டேன். ரொட்டி கொடுத்தேன். டொக்டரய்யாவிடம் வயித்துப்போக்கு என்று சொல்லச் சொல்லி அனுப்பினேன். கிடைத்தது. ராமாயிக்கும் கிடைத்தது. மூன்று நாள் படுத்தாள். கால் விரல்கள் சமமாக நின்றன. பார்த்தாயா என்று பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

போன மாதம் பெரட்டில் கண்டாக்கையா சத்தம் போட்டார். லயத்து வரிசை வீடெல்லாம் வயித்துப்போக்காம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டுமாம். சுத்தம் தெரியாத சனங்களாம். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். லயத்துச் சாக்கடைக் கானுக்கு மருந்து தெளித்தார்கள்.

நேற்று வந்தாள் ராமாயி. மறுபடியும் வலி. பாயில் படுத்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அழுக்குச் சனம்னு பேராயிருச்சு டீச்சரம்மா. கூடை அதே கூடைதான்."

அவள் வயிற்றை நீவிக்கொண்டே யோசித்தேன். உன்னைப் போலப் பேசினால் அவளுக்கு மூன்று நாள் இல்லை. என்னைப் போலப் பேசினால் அவளுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்பதே இல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்று இருந்தால் நீ காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் போய்விட்டாய். மனித உடம்பின் நடு எது என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்து இந்தத் தோட்டத்தில் என்ன செய்வது என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். யார் படுத்திருந்தாலும் முதலில் கால் விரல்களைப் பார்க்கிறேன். முகத்தைப் பிறகுதான்.

இன்று ராமாயியோடு டொக்டரய்யாவிடம் போனேன். வழியில் அவளிடம் கேட்டேன். "உள்ளதச் சொன்னா லீவு போயிரும். என்ன செய்யலாம்?"

வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "சொல்லிருவோம்ங்க. நானே சொல்லுறேன்" என்றாள்.

டொக்டரய்யா கேட்கக்கூட இல்லை. வயித்துப்போக்கு மருந்துப் போத்தலை எடுத்தார்.

"அது இல்லைங்கய்யா. தொப்புள் சரிஞ்சிருக்கு. கூடை இழுத்து."

அவர் என்னைப் பார்த்தார். "அந்தம்மாவோட போயிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். போத்தலைத் திரும்ப வைத்தார். "அதுக்கு லீவு இல்ல டீச்சர்."

ராமாயி மலைக்குப் போகவில்லை. வெளியே பெஞ்சில், அவர் கண்ணில் படும்படி, உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். கதவைப் பூட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.