போர் போடச் சொன்னது எஞ்சினுக்கு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன், கேட்டால்தான் நீ பதில் சொல்வதில்லையே. இங்கே நாங்கள் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், எலுமிச்சை மரங்கள் பூவெடுத்திருக்கின்றன, பூனை வழக்கம்போல் யார் பேச்சுக்கும் மதிப்புக் கொடுப்பதில்லை. உனக்கு வேலை போனதைப் போனில் சொன்னபோது அப்பா, "ரொம்ப சந்தோஷம்மா, இது உனக்கு எப்பவோ நடந்திருக்கணும்" என்று சொன்னதாகவும், இனி அவரோடு பேசச் சொல்லி உன்னை வற்புறுத்தக் கூடாது என்றும் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகு என் போனையும் நீ எடுப்பதில்லை. போகட்டும், கடிதத்தைத் தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார், அதை என்ன செய்வாய். அப்பா அப்படிச் சொன்னது உண்மைதான் கண்ணு. ஆனால் எதைக் கேட்டு அப்படிச் சொன்னார் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது, அதுவும் டிராக்டர் எஞ்சின் புண்ணியத்தில். அதனால் எஞ்சின் கதையை நடுவில் கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

உன் செய்தியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போனதில் அவருக்கு இஷ்டமில்லை என்பது நமக்குத் தெரியாதா, அந்தக் கடுப்பை இப்போதா காட்ட வேண்டும், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி என்று நினைத்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டை வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். மனிதர் ஏன் என்று கேட்பார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அவர் நான் பேசாமலிருப்பதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு "உப்பு இன்னைக்குச் சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போய்விடுவார். பேசினால் சண்டை வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பேசாமலிருந்தும் சண்டை வராத வீடு நம் வீடுதான். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

அந்த நேரம் பார்த்துச் சின்ன டிராக்டரும் படுத்துக்கொண்டது. கொஞ்ச காலமாகவே நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது, எண்ணெயை ஊற்ற ஊற்றக் குடித்தது, காலையில் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் டக் டக்கென்று தட்டுவது அடுப்படியில் நிற்கிற எனக்கே கேட்டது. பேச்சை நிறுத்துவதற்கு முன்பே நான் அதைச் சொன்னபோது, அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவர் "ஒரு சத்தமும் இல்ல, நல்லாத்தான் ஓடுது" என்று என்னை அடக்கினார். நல்லா ஓடியது மரவரிசைக்கு நடுவில் ஒருநாள் நின்றேவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். இவர் புதிதாக வந்தவர், எப்போது போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் வருவதால் எல்லோரும் அவரை இதோ என்றே கூப்பிடுகிறார்கள். இதோ பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, பழுதான குளிர்பதன வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் அவரிடம் கிடக்கிறது, அதைத் தூக்கி இதில் வைத்துவிடலாம். இல்லையென்றால் இருக்கிற எஞ்சினையே முழுக்கப் பிரித்து வேலை பார்க்கலாம், ஆனால் அதற்கு நாளாகும். நான் மாற்றிவிடலாம் என்றேன், களை முழங்கால் உயரம் வந்துவிட்டது, மரங்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் பெரிய டிராக்டரும் நுழையாது. பேசா விரதம் இருந்ததால் அதையும் இதோவைப் பார்த்தே சொன்னேன். அப்பா கேட்கவில்லை. அந்த எஞ்சின் இதைவிட ஒரு சாண் நீளமாம், ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டுமாம், மேல்மூடியை அறுக்க வேண்டுமாம், கியர்பெட்டியோடு சேர்க்க லேத்தில் கொடுத்துத் தனித் தகடு கடைய வேண்டுமாம். "செருப்புக்காக எவனாவது காலை வெட்டுவானா? எவனோ எப்படியோ ஓட்டுன எஞ்சினோட சீக்கை நாம ஏன் வாங்கணும்" என்று ஒரே பிடிவாதம். சரி, திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இதோ மேல்பகுதியைக் கழற்றினார். நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வீடே அதிர ஒரு லாரி வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் பூமியைத் துளைக்கிற போர் வண்டி. அதன் சொந்தக்காரர் இறங்கி, "எந்த இடத்துலம்மா போர் போடணும்" என்று கேட்கிறார். கிணற்றில் தண்ணீர் குனிந்து மொள்ளும் உயரத்தில் நிற்கிறது, நமக்கு எதற்குப் போர் என்று நான் முழிக்க, அப்பா கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான்தான் போய்ச் சொல்லிட்டு வந்தேன். எஞ்சின் சூடாகறதே நல்ல தண்ணி ஊத்தாததாலதானாம், போர் போட்டே ஆகணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு" என்றார். அதிசயமாக அன்றைக்குச் சீக்கிரமே வந்து நின்ற இதோ தலையில் கைவைத்துக்கொண்டார். எஞ்சின் சிலிண்டர் உள்ளே தேய்ந்துவிட்டதாம், அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதற்கு அவர்கள் பேச்சில் போர் போடுவது என்று பெயராம். "அண்ணே, நான் போர் போடச் சொன்னது எஞ்சினுக்கு, பூமிக்கு இல்ல" என்றதும் போர்க்காரர் லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் விரதத்தை மறந்து சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். ஆனால் எல்லோரும் சிரித்து முடிக்கும்போதுதான் சிரித்தார், அதுவும் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு இதோ முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

எல்லோரும் போன பிறகு கொட்டகைக்குள் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏங்க, உங்க பழைய சட்டையையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்" என்றேன். அந்தக் கிழிசல்களுக்காக என்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். மனிதர் பாட்டுக்குப் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்தி, அன்றைக்குப் போனில் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். முகமெல்லாம் மலர, "வேலைக்கு எடுத்துட்டாங்கன்னு சொன்னாளே. இதைவிடப் பெரிய இடமா இருக்கும். நான்தான் எப்பவோ நடந்திருக்கணும்னு சொன்னேன். அப்புறம் லைன் கட்டாயிடுச்சு" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கத்திச் சொல்ல மனசு வரவில்லை, இந்தச் செய்தியைப் போய்த் தெருவுக்குக் கேட்கும்படி எப்படிக் கத்துவது. கழற்றிய உறுப்புகளில் அடையாளம் போட அவர் வைத்திருந்த சாக்பீஸை எடுத்து டிராக்டரின் மட்கார்டு மேல், வேலையை விட்டு எடுத்துட்டாங்க என்று எழுதிக் காட்டினேன். படித்தார். "விட்டு" என்கிற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இந்த ஒரு சொல்லு என் காதுல விழலையே" என்றார். பிறகு, "அவ அழுதாளா? அதுவும் எனக்குக் கேக்கலையே" என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை கண்ணு, அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இதோ வந்து என்ன முடிவு என்று கேட்டதும், "வேற எஞ்சினையே வச்சிருங்க. தட்டுற சத்தம் கேக்காம ஓட்டி இதைக் கெடுத்தவன் நான், எனக்கு என்ன பேச்சு" என்று எழுந்து போகப் பார்த்தார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவளே நான்தான், ஆனால் குறுக்கே புகுந்து இதோவிடம் கேட்டேன். அடிப்பகுதியில் விரிசல் இல்லை, உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டிலும் கீறல் இல்லை, பேரிங் மாற்றினால் தட்டுவது நின்றுவிடும், போர் போட்டால் புகையும் நின்றுவிடும் என்றார். அப்புறம் எதற்கு ஊரான் எஞ்சின், இதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடம், இனிமேல் சத்தம் கேட்பது என் வேலை, சரிசெய்வது உங்கள் வேலை என்று கையைக் காட்டிப் புரியவைத்தேன். சிலிண்டர் இப்போது லேத்துக்குப் போயிருக்கிறது. களை வளர்ந்தால் வளரட்டும், அரிவாளை வைத்து நானே முடிந்தவரை வெட்டுகிறேன்.

காது டாக்டரிடம் வரச் சொன்னால், வயசானால் காது மந்தமாகத்தான் செய்யும் என்று சாக்குச் சொல்வார் என்று பார்த்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைப் போலவே வேகமாகப் பேசுகிறாள், அவருக்காக நிதானமாகப் பேசினாள். காதுக்குக் கருவி வைத்தால் கேட்குமாம், அதைப் பொருத்திச் சரிபார்க்கக் கொஞ்ச காலம் ஆகுமாம். உங்களுக்கு முக்கியமா என்ன கேக்கணும், டிவியா, ரோட்டுல வண்டி வர்ற சத்தமா என்று கேட்டாள். நான் எஞ்சின் சத்தம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். "எம் பொண்ணு போன்" என்றார்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை தேடுகிறேன் என்று திரைச்சீலையை மூடிக்கொண்டு இருட்டில் உட்காராதே. வேலைதான் போயிற்று, வீடு போகவில்லை, வரத் தோன்றினால் காரணம் சொல்லாமல் புறப்பட்டு வா. உனக்கு எல்லாம் கூடிவரும், எங்கள் இருவர் ஆசியும் உன் தலைமேல் இருக்கிறது. கருவி வருகிறவரை அப்பாவுக்குப் போன் செய்யாதே, எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுது. அன்றைக்கு நீ அழுதாயா என்று என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்குத் தெரியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயே அவருக்குப் பதில் எழுது, பொய் மட்டும் எழுதாதே.

உன் அம்மா