பதினாலாம் தொட்டியில் ஒரு துணி

மார்ச் 3, செவ்வாய்

பஸ்ஸில் இன்றும் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டேன். என்னோடு கப்பல் தொட்டி துடைக்கும் நெட்டை நின்றுகொண்டே வந்தாள். நிற்கட்டும். “கிழவிக்குக் கண்ணு மங்கிடுச்சு, தொட்டி வேலைக்கு இனி வேணாம்” என்று என்னைப் பற்றி மேஸ்திரியிடம் சொன்ன வாய். ஒன்பது வருடம் ஆகிறது, நான் இன்னும் தொட்டியில் இறங்குகிறேன். அன்று அவள் போட்டிருந்த செருப்பின் வார் அறுந்திருந்ததுகூட நினைவிருக்கிறது.

மார்ச் 5

மற்ற கப்பலைத் தண்ணீர் உள்ளே வராமல் கட்டுவார்கள். எங்கள் தளத்தில் நிற்கும் இந்தக் கடற்படைக் கப்பலைத் தண்ணீரை உள்ளே விடுவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். மேலே ஹெலிகாப்டர் இறங்கத் தட்டையான தளம். வயிற்றில் கல்யாண மண்டபம்போல ஒரு கூடம், அதில் படகுகள். அடித்தொட்டிகளில் கடலை நிரப்பினால் பின்பக்கம் தாழும், பின்கதவு திறக்கும், கூடத்துக்குள் தண்ணீர் ஏறும். படகுகள் வீரர்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கரைக்குப் போகும். துறைமுகமே வேண்டாம். வெள்ளம் வந்த ஊருக்கும் இப்படித்தான் போகுமாம், உள்ளே ஆஸ்பத்திரிகூட இருக்கிறது.

முதல் படகை ஓட்டப்போவது கடற்படையில் இருக்கும் என் பேத்தி. அந்தத் தொட்டிகளைத் துடைப்பது நான்.

மார்ச் 9

பதினாலாம் தொட்டிக்குள் நாற்பது துணி போனது. முப்பத்தொன்பதுதான் வந்தது. குறைந்தது யாருடையது என்று பார்ப்பதற்குள் மூட்டை கழிவு வண்டியில் ஏறிவிட்டது.

தொட்டிக்குள் எதுவும் விட்டுப்போகவில்லை என்று நான் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தை மேஸ்திரி நீட்டினார்.

“பெரியம்மா, ஒரு துணிக்காகக் கப்பலை நிறுத்துவீங்களா?”

“நிறுத்துவேன்.”

“எண்ணினதுல தப்பு இருக்கும்.”

“உங்க கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்லட்டுமா?”

கையெழுத்துப் போடவில்லை. என் எழுத்து கோணல்தான். ஆனாலும் அது என் பெயர்.

மார்ச் 10

நாளை தொட்டியை மூடுகிறார்களாம். கையெழுத்தை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வார்களாம். வாங்கிப் பார்க்கட்டும். துணி நெட்டையுடையதுதான், சந்தேகமே இல்லை. அவள்தான் அவசரக்காரி.

பேத்தியிடம் போனில் கேட்டேன், தண்ணீர் உறிஞ்சும் வாயில் துணி சிக்கினால் என்ன ஆகும்? “அந்தத் தொட்டி மட்டும் காலியாகாது பாட்டி. கப்பல் ஒரு பக்கம் சாயும். படகு கூடத்துச் சுவர்ல மோதும்.” பிறகு, “ஏன் கேக்கறே?”

சும்மா என்றேன்.

மார்ச் 11

தொட்டி வாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடுவதானால் என்னையும் சேர்த்து மூடு என்றேன். இன்ஜினியரம்மா வந்தார். “ஒரு மணி நேரம் தேடட்டுமே” என்றார்.

இறங்கியது நெட்டை. கேட்காமலே இறங்கினாள். உறிஞ்சுவாய்க் கம்பியில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எங்களில் ஒவ்வொருத்தியும் துணி நுனியில் தன் அடையாளத்துக்கு முடிச்சுப் போடுவோம். அவளுக்கு ஒன்று, எனக்கு மூன்று.

மூன்று இருந்தது.

எண்ணெய்க் கறுப்பில் மேஸ்திரிக்கு அது தெரியவில்லை. நெட்டைக்குத் தெரியும். “கெடைச்சிடுச்சில்ல, விடு” என்றாள். எப்படி விட? மேஸ்திரியிடம் நானே காட்டினேன். “என்னோடதுதான். என்னோடதுன்னா மட்டும் அடைக்காதா?” அவர் காகிதத்தை மறுபடி நீட்டினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

கண் மங்கித்தான் போயிருக்கிறதோ?

ஏப்ரல் 2

கப்பலின் சோதனை ஓட்டத்தைக் கரையில் நின்று பார்த்தோம். பின்பக்கம் தாழ்ந்தது, கதவு திறந்தது, பேத்தியின் படகு வெளியே வந்தது. திரும்பி உள்ளே போனது. கதவு மூடிக் கப்பல் மெல்ல எழுந்தது. கொஞ்சமும் சாயவில்லை.

ஏப்ரல் 3

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டேன். நெட்டை உட்கார்ந்தாள். அதற்காக அந்தச் செருப்பை நான் மறந்துவிடவில்லை.